மறந்து வைத்த தூண்டிற் பெட்டி

வெள்ளவத்தையிலே கடலைக் காண விரும்புவோர் முதலில் தண்டவாளத்தைக் கடந்தாக வேண்டும். காலி வீதியின் இரைச்சலிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் யாவும் கரையோர வீதியில் வந்து முடிகின்றன. அதற்கப்பால் 1870களில் வெள்ளையர் ஆட்சி இட்ட புகையிரதப் பாதை. பாதைக்கும் அப்பாலே, அலையைத் தடுப்பதற்காகக் கொட்டிய கருங்கற் பாறைகள். கடல் அதற்குப் பின்புதான். மாலை வேளையில் இக்கற்களின் மேல் வந்து அமர்வோர் பலர். தொடர்மாடி வீடுகளிலே மூச்சடைத்துப்போன ஓய்வூதியக்காரர், குடைக்குள் முகம் புதைத்த காதலர், கடல் கடந்திருக்கும் மகனோடு கைத்தொலைபேசியில் உரத்துப் பேசும் தாய்மார். இவர்களுள் எவரோடும் சேராமல், நீருக்கு மிக அண்மையான கல்லிலே காலூன்றி நிற்பவன் தூண்டிற்காரன்.

நாம் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையிலே தமிழ் கற்பிக்கிறோம். வெள்ளவத்தையில் ஓர் அறையெடுத்துக் குடியிருக்கிறோம். காலையிலே புறக்கோட்டை வரை ஒரு பஸ். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு பஸ். மாலையிலும் அதே வழி. அந்தப் பயணத்தின் களைப்பைக் காற்றிலே கழுவுவதற்காகவே கற்களுக்குப் போகத் தொடங்கினோம். தூண்டிலிடும் கலை எமக்குத் தெரியாது. ஆயினும் அக்கலையிலே மீனைப் பெறுவதைவிடப் பொருளை இழப்பதே மிகுதி என்பதைச் சில வாரங்களிலேயே கண்டுகொண்டோம். வீசிய ஈயக்குண்டு கல்லிடுக்கிலே சிக்கும். இழுத்தால் தங்கூசி அறும். ஈயமும் முள்ளும் இரையும் கடலுக்குக் காணிக்கையாகும். பொழுது இருண்டபின் கத்தியை மறப்பவர் உண்டு; இறாற் பொட்டலத்தை மறப்பவர் உண்டு; ஒருவர் தம் காலணிகளையே மறந்து வெறுங்காலோடு தண்டவாளம் கடந்து போனதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இப்படித் தொலைபவற்றையெல்லாம் தேடி எடுக்கும் ஒருவனும் அங்கே இருந்தான். பத்து அல்லது பதினொரு வயதிருக்கும். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றிலிருந்து வருபவன். சோளகம் ஓய்ந்து கடல் தணியும் நாட்களிலே, பழைய பால்மாப் பேணி ஒன்றைக் கழுத்திலே கயிற்றாற் கட்டிக்கொண்டு கல்லிடுக்குகளிலே புகுவான். ஈயம் ஒரு புறம், முள் ஒரு புறம், அறுந்த தங்கூசியைச் சுற்றிய குச்சி ஒரு புறம் என்று பேணிக்குள்ளே ஒழுங்காக வைத்திருப்பான். துருவேறிய முள்ளைக் கல்லிலே தேய்த்துக் கூராக்குவான். பிறகு அவற்றை அதே தூண்டிற்காரரிடமே அரை விலைக்கு விற்பான். தொலைத்தவனுக்கே தொலைத்த பொருளை விற்கும் இவ்வாணிபத்தில் இரு பக்கமும் மனநிறைவோடு இருந்ததைக் கண்டு வியந்திருக்கிறோம். ஈயம் நஞ்சாயிற்றே, அதைக் கையால் அளைகிறானே என்ற கவலையும் எமக்கு உண்டு. பிரித்தானியாவில் அன்னங்கள் ஈயத்தை விழுங்கி மடிகின்றன என்று 1987இல் ஈயத் தூண்டிற் குண்டுகளின் விற்பனையைத் தடுத்தார்கள். இங்கே பிள்ளைகளுக்காகக்கூட அதைப் பற்றிப் பேசுவாரில்லை. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவு என்று அவனுக்குச் சொல்வோம். "சரிங்க சேர்" என்பான். மலைநாட்டுப் பேச்சு அவனுடையது. எமதும் அதுவே, ஆனால் ஆசிரியக் கலாசாலையும் பல்கலைக்கழகமும் கொழும்பும் அதை எம் நாவிலிருந்து துடைத்து நெடுநாளாயிற்று.

எமது அறைக்கு அடுத்த தொடர்மாடியிலே ஒரு முதியவர் தம் மகளோடு வாழ்கிறார். யாழ்ப்பாணத்தவர். இளமையிலே நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே கிளாக்கராக இருந்தவர். 1975ஆம் ஆண்டிலே கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது, ஊர் திரும்பிய கடைசி ஆங்கிலத் துரை தம் தூண்டிற் கோலையும் அதற்குரிய சிறிய தகரப் பெட்டியையும் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அரை நூற்றாண்டாக அவற்றைப் பேணி வருகிறார். சீனத்து மூங்கிலை ஆறு கீலமாகப் பிளந்து ஒட்டிய கோல். எண்ணெய் பூசிப் பூசித் தேன் நிறமாகிவிட்டது. பெட்டியைத் திறந்தால் உள்ளே முப்பது முப்பத்தைந்து பூச்சிகள். பூச்சிகள் என்றோமே, அவை மெய்யான பூச்சிகள் அல்ல. முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றி, ஈயென்றும் தும்பியென்றும் மீன் மயங்கும்படி கட்டியவை. துரைமார் இதனைப் 'பிளை' என்றனர்.

இவ்வகைத் தூண்டிலின் நுட்பத்தை அவரே எமக்கு விளக்கினார். மற்றத் தூண்டிலிலே ஈயத்தின் பாரம் கயிற்றை இழுத்துக்கொண்டு போகிறது. இதிலோ முள்ளுக்குப் பாரமேயில்லை. இறகு எங்கே பறக்கும்? ஆகவே கயிற்றையே பாரமாகச் செய்கிறார்கள். அந்தக் கயிற்றை முன்னும் பின்னுமாகக் காற்றிலே வீசி வீசி நீட்டி, இறுதியிலே நீரின் மேல் ஓர் ஈ இறங்குவதுபோல இறக்க வேண்டும். "தம்பி, இது பலத்தாலை செய்யிற வேலையில்லை. பின்னாலை போன கயிறு முழுக்க நீளுமட்டும் பொறுக்கோணும். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி வெடிச்சுப் பூச்சி அறுந்து போகும்" என்பார். பெட்டியிலிருந்த பூச்சிகள் சிலவற்றிலே, வெண்மையும் மஞ்சளுமாய் மெழுகு சொட்டியதுபோன்ற புள்ளிகளையுடைய சிற்றிறகுகள் இருந்தன. தென்னிந்தியக் காட்டுச் சேவலின் கழுத்திறகு அது. அந்த இறகுக்காகவே அப்பறவைகளின் தோலை ஒரு காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். தென்னிந்தியாவிலிருந்து வெள்ளையன் கப்பலேற்றியது தொழிலாளரை மட்டுமன்று என்று அன்று எண்ணிக்கொண்டோம்.

அந்த மீனும் இந்நாட்டு மீனன்று. ட்ரவுட் என்பது குளிர்ந்து ஓடும் தெளிந்த நீரிலன்றி வாழாதது. 1880களிலே அதன் முட்டைகளைச் சீமையிலிருந்து கப்பலிலே குளிர் குன்றாமற் கொணர்ந்து, மலையுச்சி ஓடைகளிலே வளர்க்க முயன்றனர் தோட்டத் துரைமார். முதலிலே வந்த இனம் நன்றாக நிலைக்கவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டு நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் வேரூன்றியது. 1890களிலேயே அவர்கள் ஒரு மீன்பிடிக் கழகத்தையும் அமைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலே துரை ஓடைக்குப் போவார். அவருக்குப் பின்னாலே கோலையும் கூடையையும் சுமந்துகொண்டு ஒரு பையன் போவான். மீன்பிடிக் கழகங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் அந்தப் பையனைப் பற்றி எழுதுவதில்லை. எமக்கு அவனைத் தெரியும். அவன் எமது பாட்டனார்.

யுத்த காலம் என்பது மட்டுமே அவருக்கு நினைவு. 1944 ஆக இருக்கலாம். அவருக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு ஞாயிறு மாலை மழை வந்தது. துரை ஓடையைவிட்டு அவசரமாக ஏறினார். பங்களாவுக்கு வந்து பார்த்தபோது ஈப்பெட்டியைக் காணவில்லை. பாட்டனார் அவற்றை 'ஈத்தூண்டி' என்பார். மழையிலே திரும்பவும் ஓடிப்போய் இருட்டும்வரை தேடினார், கிடைக்கவில்லை. அடுத்த நாட் காலை பெரட்டிலே, வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், அவருடைய தந்தையின் பெயரை அழைத்துப் பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். பற்றுச்சீட்டுக் கிழிப்பது என்றால் என்னவென்று மலைநாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றையோருக்காகச் சொல்கிறோம். வேலையும் லயனும் ஒரே மூச்சிலே போய்விடும். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் தலையிலே சட்டியும் சாக்குமாக இறங்கிற்று. மூன்று ஆண்டுகளிலே நான்கு தோட்டங்கள்.

பெட்டி கிடைத்தது. இரண்டு ஆண்டுகளின் பின், மாசி வரட்சியிலே ஓடை வற்றியபோது, பாறையொன்றின் வேர்ப்பகுதியிலே செருகிக் கிடந்ததாம். அந்தத் தோட்டத்து உறவினர் ஒருவர் திருவிழாவுக்கு வந்தபோது செய்தி சொன்னார். துரை என்ன சொன்னார் என்று பாட்டனார் கேட்டிருக்கிறார். ஈயெல்லாம் துருப்பிடித்துப் போயிற்றே என்று துரை மிகவும் வருந்தினாராம்.

கதை இத்துடன் முடிந்திருக்குமானால் அது குடும்பத்திற் சொல்லும் கதையாகவே நின்றிருக்கும். 1948இலே சுதந்திரம் வந்தது. அதே ஆண்டிலே குடியுரிமைச் சட்டமும் வந்தது. தோட்டத் தமிழர் ஒரு நாளிலே நாடற்றவரானார்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்தது. 1946 தை முதலாம் திகதிக்கு முன்னர் ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள், இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை ஆவணங்களால் நிறுவ வேண்டும். யாரிடம் ஆவணம்? தோட்டத்துப் பதிவேட்டிலே. எந்தத் தோட்டத்திலே? பற்றுச்சீட்டோடு இறங்கியவனுடைய பெயரை ஒரு தோட்டம் வெட்டிவிட்டது, மற்றையவை எழுதவேயில்லை. இடையிலே பதினெட்டு மாதங்களுக்குச் சான்றில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டி கல்லிடுக்கிலே கிடந்த காலம் அது என்பதை அந்த உத்தியோகத்தர் அறியமாட்டார்.

பின்னர் நடந்தவை பலருக்கும் பொதுவானவை. 1964இலே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இலே சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பாட்டனாரின் தமையன் குடும்பம் தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரம் போய், நீலகிரியிலே தாயகம் திரும்பியோருக்கென 1968இலே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்திலே மீண்டும் கொழுந்து பறித்தது. பாட்டனார் இங்கேயே இருந்தார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் அவருக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். அதை ஒரு பிஸ்கற்றுத் தகரத்திலே வைத்துப் பூட்டினார். எம்மைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது அவர் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: "பெரிய மனுசரோட சாமானத் தூக்காத."

இவ்வளவையும் அறிந்த நாம்தான், 2023 ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றிலே, அந்த முதியவரின் தூண்டிற் கோலையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தோம்.

அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. ஒருமுறையேனும் அந்தக் கயிற்றை வீசிப் பார்க்க வேண்டும் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மலைக்குப் போக உடல் இடங்கொடாது. கடலிலாவது வீசலாம் என்றார். மீன் கிடைக்கும் என்று அவரும் நம்பவில்லை, நாமும் நம்பவில்லை. மழை மந்தாரமாயிருந்தபடியால், தோட்டத்திலே அணிந்த பழைய நீண்ட மழைக்கோட்டை அணிந்துகொண்டார். கால்வாய் கடலிற் கலக்கும் இடத்துக்கு அண்மையிலே சற்றுத் தட்டையான கல்லொன்றில் அவரை நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடுங்கிய கை, கோலைப் பற்றியதும் நடுக்கம் ஓய்ந்தது. கயிறு பின்னாலே போய், நீண்டு, ஒரு கணம் வானிலே தங்கி, முன்னாலே வந்து நீரிலே அமர்ந்தது. சுற்றியிருந்த தூண்டிற்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காதலரும் குடையை உயர்த்தினார்கள்.

பேணிக்காரப் பையன் எமக்கருகே வந்து குந்திவிட்டான். திறந்திருந்த பெட்டியை விட்டு அவன் கண் அகலவில்லை. ஒரு பூச்சியிலே பொன்னிறச் சரிகை நூல் சுற்றியிருந்தது. "இது தங்கமா சேர்?" என்றான். ஆசிரியப் புத்தி எம்மை விடுமா? வள்ளுவர் சூது அதிகாரத்திலே தூண்டில் முள்ளைப் பொன் என்றே சொல்கிறார், ஆனால் அங்கே பொன் என்பது இரும்பு, பரிமேலழகர் உரையிலே அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு சிறு பாடமே நடத்திவிட்டோம். அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "ஒன்னு குடுப்பாரா சேர், பெரிய ஐயா?" என்று மெல்லக் கேட்டான். நாம் சிரித்தோம், பதில் சொல்லவில்லை.

மழை திடீரென்று இறங்கிற்று. முதியவரைத் தூக்காத குறையாகக் கற்களினின்றும் ஏற்றி, தண்டவாளம் கடத்தி, முச்சக்கர வண்டியிலே வீடு சேர்த்தோம். கோல் இருந்தது, கயிற்றுருளை இருந்தது, பெட்டியில்லை. குடையோடு திரும்ப ஓடினோம். கல் வெறுங்கல்லாய்க் கிடந்தது. ஒரு தூண்டிற்காரனும் இல்லை. பையனும் இல்லை.

முதியவர் அழவில்லை, ஆனால் அன்றிரவு சாப்பிடவில்லை என்று மகள் சொன்னார். அடுத்த நாள் போனபோது, "அந்தப் பெடியன்தான் தம்பி. உதுகளை நம்பேலாது. தோட்டத்திலை நான் பார்க்காததே?" என்றார். எமது செவி சுட்டது. அவர் எம்மை யாரென்று அறிவார். அறிந்தும் எம்மை 'உதுகளுக்குள்' சேர்க்காமல் பேசினார். அதைக் கௌரவமாகக் கொள்வதா இழிவாகக் கொள்வதா என்று அறியாமல் நின்றோம். ஆனால் வாசகரிடம் ஒன்றை மறைப்பதற்கில்லை. அவர் சொல்வதற்கு முன்னரே அதே எண்ணம் எமக்குள் இருந்தது. தங்கமா என்று கேட்டானே. ஒன்று கொடுப்பாரா என்று கேட்டானே. கிடந்ததை எடுப்பதே அவன் தொழிலாயிற்றே. மழையிலே நனைந்தபடி கல்லிலே நின்றபோதே எமது மனம் இவ்வளவையும் வழக்கறிஞனைப்போல அடுக்கி வைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் வீட்டைத் தேடிப் போனோம். ஒழுங்கையின் கோடியிலே, ஒரு மதிலோடு சார்த்திய ஒற்றையறை. தாய் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே மூன்று வீடுகளுக்குச் சமைத்துத் துடைத்துக் கொடுப்பவள். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். தகப்பன் புறக்கோட்டையிலே மூட்டை சுமப்பவன். அப்போது வீட்டில் இல்லை. வாசலிலே நின்று, வழி முழுவதும் செதுக்கி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னோம்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை கல்லுக்கு மேலே அந்தத் தகரப் பெட்டியை யாராவது எடுத்ததைக் கண்டாயா?" எடுத்தாயா என்று நாம் கேட்கவில்லை. யாராவது எடுத்ததைக் கண்டாயா என்றே கேட்டோம். இலக்கணப்படி அதிலே குற்றச்சாட்டு எதுவுமில்லை.

தாய் இலக்கணம் படித்தவளல்லள். ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து வாசலிலே கவிழ்த்தாள். தலையணையின் உறையைக் கழற்றி உதறினாள். அரிசி வாளியின் மூடியைத் திறந்து, கையை அடிவரை விட்டுக் கிளறிக் காட்டினாள். பையனின் பாடசாலைப் பையைத் தலைகீழாகப் பிடித்தாள். கொப்பிகளும் ஒரு உடைந்த அடிமட்டமும் விழுந்தன. கடைசியிலே பேணியையும் கொட்டினாள். ஈயக்குண்டுகள் சீமெந்துத் தரையிலே உருண்டு எமது காலடிக்கு வந்தன. "வேண்டாம் அம்மா, வேண்டாம்" என்று நாம் சொன்னது எமக்கே கேட்கவில்லை.

"அந்தப் பெட்டி என்னா வெலைங்க சேர்?" என்றாள் பின்பு. "மாசா மாசம் கொஞ்சங் கொஞ்சமாக் கட்டிடுறேன். பெரிய எடத்துல சொல்லிடாதீங்க. நான் வேல செய்யிற வூடெல்லாம் இங்கதான் இருக்கு."

அவள் எடுத்ததாகச் சொல்லவில்லை; எடுக்கவில்லை என்றும் வாதாடவில்லை. அந்த வாதத்திலே பயனில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். எம்மைப் பார்க்கவில்லை, உருண்டு போன ஈயங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிரவு விடைத்தாள்கள் முன்னே கிடந்தன, திருத்த முடியவில்லை. பல்கலைக்கழகத்திலே படித்த பெரும்பாணாற்றுப்படையின் காட்சி ஒன்று நினைவிலே வந்து வந்து போயிற்று. பாண்மகன் நீண்ட மூங்கிற் கோலிலே தூண்டிலிடுகிறான். வாளைமீன் ஒன்று இரையைக் கவ்விக்கொண்டு, முள்ளுக்குத் தப்பிவிடுகிறது. தப்பியபின், கரையிலே நிற்கும் பிரம்பின் நிழல் நீரிலே அசைவதைக் கண்டு, அதுவும் தூண்டிற்கோல்தான் என்று அஞ்சுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் நுண்ணிய பார்வையை வியந்து தேர்விலே இரண்டு பக்கம் எழுதி நல்ல புள்ளியும் பெற்றோம். நிழலாக நிற்பது எப்படியிருக்கும் என்பது அன்று தேர்வுக்கு வரவில்லை.

மூன்று வாரம் கற்களின் பக்கம் போகவில்லை. போகும் துணிவில்லை என்பதே உண்மை.

கொட்டாஞ்சேனையிலே செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகும் கூட்டத்தால் வீதி நிறைந்துவிடும். கத்தோலிக்கர் மட்டுமல்லர், சற்றுத் தள்ளியுள்ள பொன்னம்பலவாணேசரைக் கும்பிட்டவரும் அங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றிப் போவர், பௌத்தரும் வருவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்திலே அந்தோனியோ என்னும் குரு ஒருவர் வணிகர் வேடத்தில் ஒளிந்து திரிந்தார் என்றும், கடல் நிலத்தை அரிக்கிறதென்று மீனவர் முறையிட, அவர் கரையிலே சிலுவையை நட்டு வேண்டியதும் கடல் பின்வாங்கிற்று என்றும் கோவிலின் கதை. 2019 சித்திரை 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அதே கோவிலிலே குண்டு வெடித்தது. அந்தக் காலையில் உறவினரை இழந்த பிள்ளைகள் எமது வகுப்பிலும் இருந்தார்கள். கூட்டம் குறையவில்லை.

பதுவை அந்தோனியார் தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. அவருடைய சங்கீதப் புத்தகம் காணாமற் போய், அவர் வேண்டிக்கொண்டபின் திரும்பி வந்ததாம். அதிலிருந்து எழுந்த நம்பிக்கை என்பர். அந்தக் கதையிலும் புத்தகம் தானாகத் தொலையவில்லை, ஓர் இளந்துறவி எடுத்துப் போய்விட்டார் என்பதை எண்ணும்போது எமக்குக் கசக்கிறது. தொலைந்தது என்று சொன்னவுடனே எடுத்தவன் யார் என்று தேடுவது அக்காலத்திலேயே இருந்திருக்கிறது போலும்.

நான்காம் செவ்வாய், பாடசாலை விட்டு வரும்போது, அந்தக் கூட்டத்திலே அவளைக் கண்டோம். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஒரு வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கையிலே மெழுகுவர்த்திக் கட்டு. பையனின் கையைப் பிடித்திருந்தாள். எதைத் தேடித் தரும்படி வேண்டப் போகிறாள் என்பதை எவரும் எமக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாம் ஒரு தேநீர்க்கடையின் தூணுக்குப் பின்னாலே மறைந்துகொண்டோம். மாணவர் இருவர் "வணக்கம் சேர்" என்று சொல்லிப் போனார்கள்.

கார்த்திகை முடிவிலே முதியவரின் மகள் எம்மைக் கூப்பிட்டனுப்பினார். பழைய உடுப்புகளை யாருக்கேனும் கொடுக்கலாமென்று அலுமாரியை ஒதுக்கியிருக்கிறார். மழைக்கோட்டைத் தூக்கியபோது கீழ்ப்பகுதியிலே ஏதோ கனத்தது. உட்பையின் அடி கிழிந்திருந்தது. பெட்டி அதன் வழியாக நழுவி, மேற்றுணிக்கும் உட்டுணிக்கும் இடையிலே கோட்டின் விளிம்புவரை இறங்கிக் கிடந்தது. மழை தூறியவுடன் முதியவரே அதை மூடிப் பையிலே வைத்திருக்கிறார். தோட்டத்துப் பழக்கம், கை செய்தது, மனத்துக்கு நினைவில்லை. பூச்சிகள் முப்பத்தைந்தும் இருந்தன, ஒன்றும் துருப்பிடிக்கவில்லை.

முதியவர் பெட்டியை மடியிலே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்தப் பெடியனுக்கு நீர் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?" என்றார். சொன்னோம் என்றோம். அவர் பெட்டியைத் திறந்து, தடவித் தடவி, சரிகை சுற்றிய பூச்சியைக் கண்டெடுத்து, முள்முனையிலே ஒரு சிறு தக்கையைக் குத்தி எமது கையிலே வைத்தார். "கொண்டுபோய்க் குடும், தம்பி. நானும் வருவன், உந்தப் படி இறங்கேலாது" என்றார்.

அன்று மாலையே போனோம். இம்முறை வாக்கியம் எதையும் செதுக்கவில்லை. பெட்டி கிடைத்துவிட்டது, எவரும் எடுக்கவில்லை, எங்கள் பிழை, எனது பிழை என்று அப்படியே சொன்னோம். எழுத்திலே 'நாம்' என்று நிற்பவனுக்கு அந்த வாசலிலே அவ்வாறு நிற்க முடியவில்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எம்மை நோக்கியன்று, சுவரிலே முருகனுக்குப் பக்கத்திலே புதிதாக ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தை நோக்கி. "கண்டுபுடிச்சுக் குடுத்திட்டாரு பாத்தீங்களா சேர்! அஞ்சு செவ்வா வர்றேன்னு நேந்துகிட்டேன். நாலாவதுலயே குடுத்திட்டாரு." மன்னிப்புக் கேட்க நாம் வாய் திறந்த ஒவ்வொரு முறையும், "அதெல்லாம் ஒன்னுமில்லிங்க சேர், ஒக்காருங்க, டீ ஊத்துறேன்" என்றாள். எமது பிழையை அவள் புனிதரின் கணக்கிலே எழுதிக் கழித்துவிட்டாள். வீட்டிலிருந்த ஒரே கதிரையிலே எம்மை இருத்தினாள். தேநீரிலே சீனி மிகுதியாக இருந்தது.

பையன் வாசலிலே நின்றான். உள்ளங்கையை விரித்துப் பூச்சியைக் காட்டி, "பெரிய ஐயா உனக்குத் தந்தது. எடு" என்றோம். அவன் தாயைப் பார்த்தான். அவள் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னாலே கட்டிக்கொண்டான்.

பூச்சியை மேசை விளிம்பிலே வைத்தோம். பேச்சை மாற்றுவதற்காக, கடல் இப்போது தணிந்திருக்கிறதே, பேணி நிறைந்துவிட்டதா என்று கேட்டோம்.

"பேணி இல்லிங்க சேர்" என்றான். "அன்னைக்கே அம்மா கால்வாயில போட்டுட்டாங்க."